பேராசிரியருக்குப் போன பெருநாள் சோறு

அப்துல் மஜீது வீட்டு வாசலில் காலணியைக் கழற்றிப் போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்திருக்கும் என்று சம்சுன்னிசா சொல்லிவிடுவாள். மாணவர்கள் பதக்கம் வாங்கிய நாளில் இரண்டு காலணியும் இரண்டு திசையில் விழும். யாராவது காலை முறித்துக்கொண்ட நாளில் ஒன்று விழுந்து, வெகுநேரம் கழித்து மற்றது விழும். அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் சத்தமே கேட்கவில்லை. சிங்கப்பூர் ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டு நடைவழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, காலணியை மெதுவாகக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, விருந்தாளி வருவதுபோல் உள்ளே வந்தார்.

"லெட்டர் வந்துச்சா மச்சான்?"

"வரும்."

"எப்ப?"

"வரும்போது வரும். சோத்தைப் போடு."

மஜீது அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர். ஓடுதளம், நீச்சல்குளம், பந்து மைதானங்கள், பயிற்சியாளர்கள், போட்டிக்குப் போகும் பிள்ளைகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஒப்பந்த வேலைதான். தவணை முடியும்போது கடிதம் வரும், கையெழுத்துப் போடுவார், அடுத்த தவணை தொடங்கும். இதுவரை அது கரண்ட் பில் வருவதுபோலத் தானாக வந்துகொண்டிருந்தது. இந்த முறை மாதக் கடைசியில் தவணை முடிகிறது. கடிதத்துக்குப் பதிலாக ஒரு குழு வந்திருக்கிறது.

"எதுக்குக் கமிட்டி? நீங்க என்ன புதுசா வேலைக்குச் சேரப் போறீங்களா?"

"வயசாயிடுச்சுங்கிறாங்க. இளைய ஆளு வேணுமாம். ஸ்பான்சர் புடிக்கிற ஆளு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குப் பிள்ளைங்களை ஓட வைக்கத்தான் தெரியும், விக்கத் தெரியாதுன்னேன்."

"நல்லா சொன்னீங்க போங்க. அல்லா! நாலு பேரு உக்காந்திருக்கிற எடத்துல இப்படியா பேசுவாங்க?"

அவர் ஆணத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை. "இனி எல்லாம் கோ கையிலதான்" என்றார். கோ என்பது பேராசிரியர் கோ. அந்தக் குழுவின் தலைவி. மஜீது பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். வீட்டில் அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான், பாதியில் எழுந்து போய்விடும்.

அவளுக்குப் பணத்தைப் பற்றிக் கவலை இல்லை. வீட்டுக் கடன் தீர்ந்துவிட்டது. மகள் நஸீஹா கல்யாணம் முடித்து உட்லண்ட்ஸில் இருக்கிறாள். தேக்கா மார்க்கெட்டில் அவளுடைய பிரியாணிக் கடை ஓடிக்கொண்டிருக்கிறது. பயமெல்லாம் வேறு. மஜீதின் நானா, கூடப்பிறந்த அண்ணன், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசை முன்னால் போய் உட்கார ஆரம்பித்தார். முதலில் பேப்பர் படித்தார். பிறகு பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பக்கம்கூடத் திருப்பவில்லை. அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. மஜீதுக்கும் அதே தோள், அதே நடை. சம்சுன்னிசா லிஃப்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கல்மேசையைப் பார்க்காமல் போகப் பழகியிருந்தாள்.

*

தேக்காவில் காலை வெங்காயத்தோடுதான் விடியும். மீன் பக்கத்திலிருந்து ஐஸ் தண்ணீர் ஓடிவந்து கால்வாயில் விழும். சம்சுன்னிசா அரிசியைக் களைந்து ஊற வைக்க, ரஞ்சிதம் ஒரு சாக்கு வெங்காயத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு நறுக்குவாள். ரஞ்சிதம் சம்பளத்துக்குத்தான் சேர்ந்தாள். இப்போது கடையில் யார் முதலாளி என்று புது வாடிக்கையாளர்களுக்குச் சட்டென்று விளங்காது.

"பெருநாளுக்குக் கோ அம்மாவுக்குக் கொஞ்சம் சோறு அனுப்பலாமான்னு பாக்குறேன்" என்றாள் சம்சுன்னிசா, அரிசிப் பானைக்குள் பார்த்தபடி.

ரஞ்சிதத்தின் கத்தி நின்றது. "எந்தக் கோ அம்மா? சார் காண்ட்ராக்டைக் கையில வச்சிருக்கிற கோ அம்மாவா?"

"ம்."

"அக்கா, உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு? இது சிங்கப்பூரு லா. இங்க சம்மன் எழுதுற ஆளுக்கு ஒரு கிளாசு தே ஓ வாங்கிக் கொடுத்தாலே கேஸு."

"பெருநாள் சோத்தைப் போயி லஞ்சம்னு யாராச்சும் சொல்லுவாங்களா? எதிர்வீட்டு மிசஸ் டானுக்கு வருசா வருசம் கொடுக்கிறேன். கீழ்வீட்டு ஆளுக்குக் கொடுக்கிறேன். உனக்கும்தான் கொடுக்கிறேன்."

"என் கையில யாரு காண்ட்ராக்டும் இல்லையே. எனக்குக் கொடுத்தா தின்னுட்டு ஏப்பம் விடுவேன், அவ்வளவுதான்."

"அந்தம்மா நம்ம சாப்பாட்டை விரும்பிச் சாப்பிடுவாங்களாம். ஒரு விழாவுல ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்கன்னு அவரே சொல்லியிருக்காரு."

"சார்கிட்டக் கேட்டீங்களா?"

சம்சுன்னிசா அரிசியில் கல் எதுவும் இல்லாதபோதும் கல் பொறுக்கினாள்.

"கேட்க மாட்டீங்க" என்றாள் ரஞ்சிதம். "கேட்டா என்ன சொல்வாருன்னு தெரியும்ல."

மஜீதைப் பற்றி அப்படி ஒரு பேச்சு உண்டு. சட்டை விற்கும் கம்பெனிக்காரன் தீபாவளிக்கு அனுப்பிய டுரியான் கூடையை அப்படியே திருப்பி அனுப்பியவர். பல்கலைக்கழகத்து முத்திரை போட்ட துண்டுகூட வீட்டில் கிடையாது.

ஹஜ்ஜுப் பெருநாள் சனிக்கிழமை வந்தது. பள்ளிவாசலிலிருந்து குர்பானிக் கறி வந்ததும் வழக்கம்போல மூன்று பங்கு வைத்தாள். வீட்டுக்கு ஒன்று, சொந்தபந்தத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. அக்கம்பக்கத்துப் பங்கிலிருந்து நல்ல கறியாகப் பார்த்துக் கொஞ்சம் எடுத்துக் குளிர்பெட்டியில் தனியாக வைத்தாள். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. மஜீது வேலைக்குப் போனதும் சமையலைத் தொடங்கினாள். நெய்ச்சோறு, கறி ஆணம், தால்சா, அன்னாசி அச்சார். நெய்யில் ரம்பை இலை பொரிந்து வீடே மணத்தது. வெளியே வெயில் கொளுத்தியது. மழை வரப்போகும் வெயில். கழுத்து வேர்வையை முந்தானையால் துடைத்துத் துடைத்து முந்தானையே நனைந்துவிட்டது. நாலடுக்குக் கேரியரில் ஒவ்வொன்றாகப் போட்டு, கைப்பிடியை இறுக்கினாள்.

ரயிலிலும் பேருந்திலுமாகப் பல்கலைக்கழகத்து வாசல் வரைதான் போனாள். இத்தனை வருடத்தில் அந்த வாசலைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை. அவருடைய இடம் அது, நமக்கென்ன என்று இருந்துவிட்டாள். அன்றைக்குப் போகாததற்குக் காரணம் வேறு. அவர் பார்த்துவிடக் கூடாது.

போனில் அவள் சொல்லி வைத்திருந்தபடி முத்துசாமி பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தான். மன்னார்குடிப் பக்கத்துப் பையன். துவாஸ் விடுதியில் தங்கி, கட்டட வேலை செய்பவன். இப்போது பல்கலைக்கழக மைதானத்தில் பார்வையாளர் கூரை போடும் வேலை. மஜீது சார் சொல்லித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடைக்குச் சாப்பிட வர ஆரம்பித்தான்.

"என்னக்கா, இம்மாங் கனம் கனக்குது. பட்டாளத்துக்கா சோறு?"

"ஒரு ஆளுக்குத்தான். பேராசிரியர் கோ ஆபீசுல கொடுத்துடு, தம்பி. சூடு ஆறக் கூடாது."

"சார்கிட்டச் சொல்லிட்டுக் கொடுக்கட்டுமா?"

"அவருக்குச் சொல்லாதே."

முத்துசாமி அவள் முகத்தைப் பார்த்தான். "யாரு கொடுத்தான்னு கேட்டா?"

"மஜீது சார் வீட்டுப் பெருநாள் சாப்பாடுன்னு சொல்லு. அது போதும்."

திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பேருந்துக் கண்ணாடியில் தண்ணீர் ஓடியது. நெஞ்சில் இருந்த பாரத்தை இறக்கி வைத்ததுபோல் அவளுக்குத் தூக்கம் வந்தது.

*

இரண்டு நாள் கழித்து மஜீது மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். காலணியைக் கழற்றாமலே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கோ கமிட்டியிலேர்ந்து விலகிட்டாங்க."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "விலகிட்டாங்களா? ஏன்?"

"யாரோ அவங்க ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வச்சிருக்காங்க. என் பேரைச் சொல்லி. என் காண்ட்ராக்ட் முடிவு பண்ற நேரத்துல என் பேருல சாப்பாடு வந்தா அவங்க எப்படி அங்க உக்காருவாங்க? அன்னைக்கே மேல சொல்லிட்டு எந்திரிச்சுட்டாங்க. ரூல்ஸ் அப்படி."

"ஒரு வாய்ச் சோத்துக்கா?"

"ஒரு வாய்கூட அவங்க தொடலையாம். ஆபீசுல உள்ளவங்க சாப்பிட்டாங்களாம்." அவர் தலையைத் தடவிக்கொண்டார். "சம்சு, அந்தக் கமிட்டியில எனக்காகப் பேசுன ஒரே ஆளு அவங்கதான். மத்தவங்களை அவங்கதான் புடிச்சு நிறுத்தி வச்சிருந்தாங்க."

அவள் கஞ்சி வடிக்கத் திரும்பினாள். தட்டை வைத்துப் பானையைச் சாய்த்தபோது கஞ்சி கையில் பட்டது. கையை எடுக்கவில்லை.

"என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க" என்றார் பின்னாலிருந்து. "சாப்பாடு உங்க வீட்டுலேர்ந்து வந்துச்சான்னு. நான் சிரிச்சிட்டேன்."

"சிரிச்சு?"

"என் வீட்டுக்காரியை எனக்குத் தெரியும், அவ அந்த மாதிரி வேலையெல்லாம் செய்யமாட்டான்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. எழுதிக் கொடுத்துட்டேன்."

அந்த நேரத்திலேயே சொல்லியிருக்கலாம். பானையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, இரண்டே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவள் குழாயைத் திறந்து, வெந்த கையை அதில் காட்டினாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவர் இன்னும் ஏதோ சொன்னார். அது காதில் விழவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நிற்க இடம் இருக்காது. விடுதிகளிலிருந்து வரும் பிள்ளைகள் போன் கார்டும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு மேசைகளில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். முத்துசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கேரியரைக் கடை மேடையில் வைத்தான். ரஞ்சிதம் திறந்து பார்த்தாள். நாலு அடுக்கும் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன.

"வெறுஞ்சட்டி" என்றாள் ரஞ்சிதம். "ஒரு சீனிக்கட்டிகூட வைக்காம அனுப்பிட்டாங்க பாருங்க. நம்ம புளோக்குல யாராச்சும் இப்படித் திருப்பிக் கொடுப்பாங்களா?"

"அவங்க எதையும் வைக்கவும் முடியாது" என்றாள் சம்சுன்னிசா. அவளுக்கு இப்போது அது புரிந்துவிட்டிருந்தது. "உக்காரு தம்பி. என்ன சாப்பிடுறே?"

"பசிக்கலக்கா." பையன் முகம் ஒடுங்கிப் போயிருந்தது. "கேமராவுல என் மூஞ்சி விழுந்துடுச்சு. கூப்பிட்டு விசாரிச்சாங்க. நான் சொல்லிட்டேன், நானேதான் வாங்கிக் கொண்டாந்து வச்சேன், சார் பேரைச் சொன்னா வாங்கிக்குவாங்கன்னு சொன்னேன்னுட்டேன்."

சம்சுன்னிசா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்டா அப்படிச் சொன்னே?"

"சார்தான் தன் வீட்டுது இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டாராமே. அதுக்கப்புறம் நான் போயி ஆமா அவரு வீட்டுதுதான்னு சொன்னா, அவரு பொய் சொன்ன ஆளா ஆயிட மாட்டாரா? வெயில்ல தார்ப்பாய்க்கு அடியில உக்காந்து தின்னுக்கிட்டு இருந்த எங்களைக் கூப்புட்டு, ஏசி ஹாலுல உக்கார வச்ச மனுசன்க்கா."

"உன் கம்பெனியில என்ன சொல்றாங்க?"

"அந்த சைட்டுக்கு இனி வரக் கூடாதுன்னுட்டாங்க. ரூமுலதான் கெடக்கேன். பெர்மிட்டைக் கேன்சல் பண்ணலாமா வேணாமான்னு மேனேசரு பேசிக்கிட்டு இருக்காரு." சிரிக்கப் பார்த்தான். "ஊருல தங்கச்சி வளைகாப்புக்கு வர்றியான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. போயிரலாம் போல."

"வாயை மூடு" என்றாள் ரஞ்சிதம். ஒரு பொட்டலத்தில் பிரியாணியை அமுக்கிக் கட்டி அவன் கையில் திணித்தாள். "பசிக்கலன்னா ரூமுக்குப் போயித் தின்னு."

அவன் போன பிறகு ரஞ்சிதம் அடுத்தடுத்து வந்தவர்களுக்குச் சோறு கட்டினாள். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் கேட்டாள். "என்னக்கா பண்ணப் போறீங்க?"

"கமிட்டி முடிவு வந்துடட்டும்."

"வந்து?"

"அதுக்கப்புறம் அந்தப் பையனுக்கு வேற கம்பெனி பாத்துக் கொடுக்கலாம். எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"நல்ல கணக்கு" என்றாள் ரஞ்சிதம். "உங்க வீட்டுக்காரரு வேலை நிலைக்கணும். அவன் வேலை போனா வேற பாத்துக்கலாம்."

சம்சுன்னிசாவுக்குச் சுரீர் என்றது. "என்னடி பேச்சு பேசுறே?"

"நான் வெங்காயம் நறுக்குறவ. எனக்கென்ன தெரியும்?" ரஞ்சிதம் அடுத்த சாக்கை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்கச் சம்சுன்னிசாவுக்குக் கைப்பக்குவம் போயிற்று. ஒரு நாள் தால்சாவில் உப்பு ஏறியது. ஒரு நாள் சோறு குழைந்தது. தினமும் மாலையில் அவர் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று லிஃப்டில் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். கதவைத் திறந்ததும் அவர் முகத்தைப் பார்ப்பாள். நாளைக்கு என்று தள்ளி வைப்பாள்.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மஜீது கடைக்கு வந்தார். கடைக்கு அவர் வருவதே அபூர்வம். தலையில் தொப்பி, முகத்தில் பல நாளாகக் காணாத வெளிச்சம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மார்க்கெட்டின் ஈரத் தரையில் வழுக்காமல், பழைய ஓட்டக்காரருக்கு உரிய நடையில் வந்தார்.

"ரஞ்சிதம், சார் வந்திருக்கேன், ஒரு கறிப் பிரியாணி போடு."

"அடேயப்பா! வரிசையில நில்லுங்க சார். முதலாளியம்மா வீட்டுக்காரருன்னா தனிச் சலுகை கெடையாது."

அவர் சிரித்தார். நிஜமாகவே வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் மேடையின் மீது குனிந்து சொன்னார். "ரெண்டு வருசம். புதுத் தலைவரு போன் பண்ணாரு, இளைய ஆளு யாரும் தோதா கெடைக்கலையாம். சாப்பாட்டு விவகாரம் தீர்ந்துடுச்சு, அந்தப் பையன்தான் ஒத்துக்கிட்டானே. திங்கக்கிழமை கையெழுத்து."

சம்சுன்னிசா சோற்றை அள்ளித் தட்டில் வைத்தாள். கறியை வைத்தாள். முட்டையை வைத்தாள். தட்டை அவரிடம் நீட்டினாள். அவர் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்து ஒரு கைப்பிடிச் சோறு பிசைந்தார். இந்த முறை வாய்க்குப் போயிற்று.

"அப்ப எங்களுக்கு ட்ரீட்டு எங்க சார்?" என்று கேட்டாள் ரஞ்சிதம். கேட்டுவிட்டுச் சம்சுன்னிசாவைப் பார்த்தாள். "அந்தப் பையனை என்ன சார் பண்றாங்க?"

"அனுப்பிடுவாங்க போல. பாவம்தான். ஆனா என்னத்துக்கு என் பேரைச் சொல்லிக் கொண்டுபோய் வச்சான்? நல்ல பையன்னு நெனச்சிருந்தேன். மனுசங்களை நம்பவே முடியல."

"ஆன்ட்டி, டூ மட்டன், ஒன் சிக்கன், தாப்பாவ்" என்று பார்சல் கேட்டான் வரிசையில் நின்ற ஒருவன். சம்சுன்னிசா தாளை விரித்தாள். சோற்றை வைத்தாள். கை அப்படியே நின்றது. ரஞ்சிதம் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

சம்சுன்னிசா மேடையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"மச்சான், அது நம்ம வீட்டுச் சோறு."

"எது?"

"கோ அம்மாவுக்குப் போனது. நான் ஆக்குனது. நான்தான் அவன்கிட்டக் கொடுத்து அனுப்புனேன். உங்ககிட்டச் சொல்லாதேன்னும் நான்தான் சொன்னேன்."

வாயில் இருந்ததை அவர் மெதுவாக மென்று விழுங்கினார். மேசையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார், அதில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகளை. கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நான் எழுதிக் கொடுத்துட்டேனே சம்சு" என்றார்.

எழுந்து மூலைக் குழாயில் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு, விரல் விரலாகக் கழுவினார். பின்னால் ஒரு சீனக் கிழவர் கை கழுவக் காத்திருந்தார். மஜீது நகரவில்லை. பிறகு மீன் கடைகளின் பக்கமாகப் போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அங்கே மீன் வெட்டும் சத்தத்தில் அவர் என்ன பேசினார் என்பது கேட்கவில்லை. மற்றொரு கை அசைந்தது, நின்றது, மறுபடியும் அசைந்தது.

திரும்பி வந்து தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "திங்கக்கிழமை காலையில வரச் சொல்றாங்க. உன்னையும்."

"என்னையுமா?"

"நீதானே அனுப்புனே."

அவர் போனதும் ரஞ்சிதம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அக்கா, அங்க போயி உளறாதீங்க. பெருநாளு, எங்க வழக்கம், எல்லாருக்கும் கொடுப்போம், அவ்வளவுதான்னு சொல்லுங்க. அதுல ஒண்ணும் பொய் இல்லையே. சாரு வேலையும் தப்பும், பையனும் தப்பிப்பான்."

*

திங்கட்கிழமை அவள் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்து வாசலைத் தாண்டி உள்ளே போனாள். அறை குளிர்ந்து கிடந்தது. மனிதவளத் துறையின் மேலதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு சீனப் பெண்மணி, அதிகம் பேசவில்லை. பக்கத்தில் அனுப்ரியா என்ற தமிழ்ப் பெண், அதே துறையில் வேலை பார்ப்பவள், கணினியைத் திறந்து வைத்திருந்தாள். நஸீஹா வயதுதான் இருக்கும்.

"ஆன்ட்டி, நீங்க தமிழ்லயே பேசலாம். நான் அவங்களுக்குச் சொல்றேன். டென்ஷன் ஆகாதீங்க, ஓகே?" என்றாள். பிறகு பள்ளிக்கூடத் தமிழுக்கு மாறினாள். "அந்த உணவை நீங்கள்தான் அனுப்பினீர்களா?"

"ஆமா."

"உங்கள் கணவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். அந்தப் பையன் மேலயும் தப்பு இல்ல. நான் கொடுத்தேன், அவன் கொண்டு வந்தான்."

அனுப்ரியா தட்டச்சு செய்தாள். மேலதிகாரியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவர் தலையசைத்து ஒரு கேள்வி கேட்டார். அனுப்ரியா கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இப்ப கேக்கிறதுதான் முக்கியம். ஹரி ராயா ஹஜ்ஜிக்கு நீங்க நெய்பர்ஸ், ஃபிரெண்ட்ஸ் எல்லாருக்கும் கொடுப்பீங்கதானே? அது உங்க கல்ச்சர். அந்த மாதிரிதான் புரொஃபசருக்கும் கொடுத்தீங்க. வேற எதையும் எதிர்பார்த்து இல்ல. அப்படித்தானே? அப்படின்னா நான் அதை அப்படியே போட்டுடுறேன். சாரோட எக்ஸ்டென்ஷனுக்கும் பிராப்ளம் வராது."

தப்பித்துப் போக அந்தப் பெண் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. ஓர் 'ஆமா' சொன்னால் போதும். சம்சுன்னிசா பக்கத்தில் இருந்த கணவரைப் பார்த்தாள். மஜீது அவளைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

பெருநாள் பங்கைப் பிரித்த சட்டி அவள் கண்முன் வந்தது. அக்கம்பக்கத்துப் பங்கிலிருந்து நல்ல துண்டாகப் பொறுக்கி எடுத்தபோது, அது யாருக்கு, எதற்கு என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அல்லாவுக்குத் தெரியாமலா எடுத்தாள்?

"எல்லாருக்கும் கொடுப்போம்மா" என்றாள். "அது வழக்கம்தான். ஆனா அந்தம்மாவுக்குப் போன வருசம் கொடுக்கல. அதுக்கு முந்தியும் கொடுக்கல. இவருக்கு வேலை நிலைக்கணும்னுதான் இந்த வருசம் கொடுத்தேன். பெருநாளைச் சாக்கா வச்சுக்கிட்டேன்."

அனுப்ரியாவின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. "ஆன்ட்டி... நான் அதை டிரான்ஸ்லேட் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க" என்றார் மஜீது. அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் சொல் அது.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார். அவர்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். நடைவழி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ காப்பி கொண்டுவந்து வைத்தார்கள், ஆறிப்போனது. போகிற வருகிற ஊழியர்கள் "ஹாய் கோச்" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் மஜீது தலையசைத்தார்.

"கோவமா மச்சான்?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"கத்துங்களேன்."

"வீட்டுல போயி."

மறுபடி அழைத்தபோது மேலதிகாரி எழுந்து நின்றே சொன்னார். அனுப்ரியா தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, மஜீதுக்குப் புரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கும் புரிந்தது. இரண்டு வருட நீட்டிப்பு கிடையாது. புதிய ஆளிடம் பொறுப்பை ஒப்படைக்கும்வரை, செப்டம்பர் கடைசி வரை, இருக்கலாம். அவர் தெரிந்து பொய் எழுதவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்வார்கள். வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார். அது உண்மையாகத்தான் பட்டது.

"தேங்க் யூ" என்றார் மஜீது. "அந்தப் பையன் முத்துசாமி. அவன் கம்பெனிக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லணும். நான் இங்கேயே இருக்கேன்."

அனுப்ரியா போனை எடுத்தாள். துவாஸில் யாரோ மேனேஜரிடம் பேசி, அது அந்தத் தொழிலாளியின் தவறு இல்லை, அவன் மறுபடி வேலைக்கு வரலாம் என்று சொல்லி முடிக்கும்வரை மஜீது நாற்காலியில் உட்காரவில்லை.

*

வெளியே வந்தபோது வானம் மைதானத்தின் மேல் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. வாசலுக்குப் போகும் வழி ஓடுதளத்தை ஒட்டியே போயிற்று. செங்கல் நிறத்தில் நீண்டு வளைந்து கிடந்தது ஓடுதளம். உள்ளே பச்சைப் புல். பிள்ளைகள் ஓடிக்கொண்டும், குதித்துக்கொண்டும், புல்லில் மல்லாந்து கிடந்துகொண்டும் இருந்தார்கள். பாதிக் கூரை போட்ட பார்வையாளர் மேடையில் தொழிலாளிகள் ஏணியில் நின்றார்கள். இதுதானா அது என்று சம்சுன்னிசா பார்த்தாள். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"வா, மழைக்கு முந்திப் போயிடலாம்" என்றார் மஜீது. அவர் குரல் தளர்ந்திருந்தது. தோளும் தளர்ந்திருந்தது. அவர் நானாவின் தோள்.

அப்போது சங்கு ஒலித்தது. நீளமாக, வளாகமே அதிரும்படி. விளக்குக் கம்பத்தின் உச்சியில் மஞ்சள் விளக்கு சுழன்று மின்னத் தொடங்கியது. இடி எச்சரிக்கை.

மஜீது நின்றார். புல்லில் கிடந்தவர்கள் சோம்பலாக எழுந்தார்கள். நான்கு பேர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் இருந்தவர்கள் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓய்!" என்றார். இவ்வளவு பெரிய குரல் அவரிடம் இருப்பது சம்சுன்னிசாவுக்குத் தெரியாது. "ஆஃப் தி ட்ராக்! எல்லாரும் உள்ள! நீ, நீல சட்டை, பையை விட்டுட்டு ஓடு! ஏணியில நிக்கிற ஆளுங்களா, எறங்குங்க, எறங்குங்க!" வேலியின் சிறிய கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுதளத்துக்குள் போனார். ஓடினார். கோட்டும் தேய்த்த கால்சட்டையுமாக, முழங்கால் உயர்ந்து, வளைவில் உடல் சாய்ந்து. காதில் மாட்டியிருந்த நான்கு பேரையும் எட்டிப் பிடித்து, ஒருவன் தோளில் தட்டி, மேடையின் பக்கம் விரட்டினார்.

சம்சுன்னிசா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் துளி கனமாக விழுந்தது. தூரத்தில் வானம் ஒருமுறை வெளுத்து அடங்கியது.

கையில் காலணிகளைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வந்த ஒரு தமிழ்ப் பெண் அவள் பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது. "ஆன்ட்டி, கம்பியை விடுங்க. இங்க நிக்கக் கூடாது, உள்ள வாங்க. சார் பாத்தா செமையா திட்டுவாரு."

"என்னையுமா?"

"யாரா இருந்தாலும் திட்டுவாரு, ஆன்ட்டி. டீனையே திட்டியிருக்காரு."

சம்சுன்னிசா கம்பியை விட்டாள். அந்தப் பெண்ணோடு மேடைக்கு அடியில் போய், மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டாள். மைதானத்தில் கடைசி ஆளும் உள்ளே வரும்வரை மஜீது மழையில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.